இருநூறு சுற்று

ஜூலை 27

இல்லை, கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் அதையாவது காரணமாக எழுதியிருப்பேன். கரைசல் இன்று காலை கலந்தது. பாத்திரங்களை மூன்று முறை கழுவினேன். நைட்ரஜனைப் பதினைந்து நிமிடம் குமிழ விட்டேன். எல்லாம் செய்முறையில் உள்ளபடி. இது நாற்பத்தொன்றாவது முறை. திரையில் கோடு படுத்தே கிடந்தது.

சரளா மேடம் பின்னால் வந்து நின்றார். "ம்" என்றார். போய்விட்டார். என் வழிகாட்டி இந்த வாரம் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

எதற்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு முறை தெளிவாக எழுதிவைக்கிறேன். எரிச்சலில் எனக்கே மறந்துவிடுகிறது. பால் கெடாமல் இருக்க ஹைட்ரஜன் பெராக்சைடு கலக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க மலிவான ஒரு மின்முனை வேண்டும். சீமைக்கருவேலங் கட்டையைச் சுட்டு அரைத்த கரித்தூளை, மின்முனையின் மூன்று மில்லிமீட்டர் வட்ட முகத்தில் பூசிக் கரைசலில் இறக்குகிறோம். மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றி இறக்குகிறோம். பெராக்சைடு இருந்தால் மின்னோட்டம் ஓரிடத்தில் எழுந்து இறங்கும். அந்த முகடு வர வேண்டும்.

லேப் சீனியர் கலைமதி அக்காவுக்கு வந்தது. மூன்று வருடம் முன்பு வந்து, கட்டுரையாகவும் வெளிவந்துவிட்டது. தலைப்பின் முதல் பாதி, "உலோகமே இல்லாத உணரி". அதை எடுத்துக்கொண்டு நிஜமான பாலுக்குப் போவது என் ஆராய்ச்சி. ஏழு மாதமாக முதல் படியிலேயே நிற்கிறேன்.

செப்டம்பர் பத்தாம் தேதி டாக்டரல் கமிட்டி. அன்று முகட்டைக் காட்டினால்தான் என் பதிவு உறுதியாகும்.

ஜூலை 28

42. படுத்துக் கிடக்கிறது.

ஜூலை 31

பாலிஷ் போடுவதைப் பார்க்க கலைமதி அக்கா வந்தார். வெல்வெட் துணியில் அலுமினா மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மின்முனையின் முகத்தை அதில் எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். ஒரே பக்கம் தேய்ந்துவிடக் கூடாது.

"எட்டு போடு."

"எட்டுதான்க்கா போடுறேன்."

"இது எட்டா? முட்டை மாதிரி இருக்கு."

பக்கத்து மேசையிலிருந்து மன்சூர், "ஆர்டிஓ ஆபீஸ்ல இவ்வளவு எட்டு போட்டிருந்தா இந்நேரம் லாரி லைசென்ஸே குடுத்திருப்பாங்க" என்றான். என்னோடு சேர்ந்தவன். இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றி ஆராய்கிறான். அவனுக்கு எல்லாம் வருகிறது. சும்மா வைத்தாலே துருப்பிடிக்கிறதே.

அக்கா என் கையிலிருந்து மின்முனையை வாங்கி நான்கு எட்டு போட்டுக் காட்டினார். அவர் மணிக்கட்டு அசையவில்லை. முழங்கையிலிருந்து வருகிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டார். செப்டம்பர் பதினெட்டு வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் அக்டோபரில் போலந்தில் ஒரு லேபில் சேர வேண்டும். ஸ்வெட்டர் எங்கே வாங்கலாம் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் பொறாமைப்படுகிற ஆள் இல்லை. அவர் போவதற்குள் எனக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 2

ஞாயிறு. இரண்டு பக்கெட் துணி. மாடியில் கொடி அறுந்திருந்ததால் ஜன்னல் கம்பியில் காயப்போட்டேன்.

சாத்தூரிலிருந்து அம்மா பேசினாள்.

"வந்துருச்சா?"

பஸ்ஸைக் கேட்பதுபோலத்தான் கேட்பாள்.

"இல்லம்மா."

"என்னதான் வரணும்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

"ஒரு கோடும்மா. மேல எழும்பி இறங்கணும்."

"இவ்வளவுதானா? நீயே வரைஞ்சு வச்சிர வேண்டியதுதான."

அம்மா அங்கன்வாடியில் இருபது வருடமாகக் குழந்தைகளின் எடையைப் பதிவேட்டில் ஏற்றுகிறவள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 6

மேடம் கூப்பிட்டார். என் நோட்டைப் புரட்டினார். நாற்பத்தேழு தோல்வி, தேதிவாரியாக.

"கலை இதைக் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பா."

"அவங்க எழுதுனபடிதான் மேடம் எல்லாம் செய்றேன்."

"எழுதுனபடி செய்யிறது வேற. கை வரணும்."

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: "ஒண்ணே ஒண்ணுதான் மேடம் மாறுது. அவங்க கவுன்ட்டருக்கு பிளாட்டினம் வச்சிருந்தாங்க. நான் கிராஃபைட் வச்சிருக்கேன்."

பாத்திரத்தில் மூன்று மின்முனைகள். ஒன்று நம் கரி பூசியது. ஒன்று அளவுகோல், அதை வைத்துத்தான் மின்னழுத்தத்தைச் சொல்கிறோம். மூன்றாவதுதான் கவுன்ட்டர். மின்னோட்டம் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமே, அதற்கு. இந்த லேபில் ஒரே ஒரு பிளாட்டினக் கம்பி இருக்கிறது. மேடத்தின் பீரோவில், பருத்தி வைத்த டப்பாவில். ஆய்வேடு எழுதும் நிலைக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கலாம். ஜூனியர்களுக்கு கிராஃபைட் குச்சி. இரண்டு வருடமாக வழக்கம் அது.

"கவுன்ட்டர்ல என்னம்மா இருக்கு? அது சர்க்யூட்டை முடிச்சு வைக்கிறதுக்கு. முன்னால ஒருத்தன் கம்பியை வளைச்சு ஒடிச்சு வச்சான். யார் பதில் சொன்னது? நான்."

நோட்டை மூடினார்.

"பத்தாம் தேதிக்குள்ள வரலைன்னா உன் ரிஜிஸ்ட்ரேஷனைப் பத்தி யோசிக்கணும், ரூபவதி."

முழுப் பெயரைச் சொன்னார்.

ஏப்ரலில் மின்பகுப்பாய்வு வேதியியல் தாளில் 91 வாங்கினேன். தாளில் எனக்கு எல்லா முகடும் வரும்.

ஆகஸ்ட் 11

நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. வியாழக்கிழமை வரும் என்றார்கள். எந்த வியாழக்கிழமை என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12

பழைய செய்முறைக் குறிப்பை மறுபடி படித்தேன். அக்காவின் கையெழுத்து. அடிக்கோடு போட்ட வரி: "நீர்த்த கந்தக அமிலத்தில் 200 சுற்று. கரி முழிக்கணும்." பூச்சு காய்ந்ததும் மின்னழுத்தத்தை இருநூறு முறை ஏற்றி இறக்க வேண்டும். ஒரு மணி இருபது நிமிடம். அதன் பிறகுதான் பெராக்சைடை விட வேண்டும். லேபில் எல்லாரும் அப்படியே சொல்கிறார்கள். "கரி முழிச்சுதா?" "இன்னும் நாப்பது சுத்து இருக்கு, அப்புறம் டீக்குப் போலாம்."

ஆகஸ்ட் 14

சிலிண்டர் இந்த வியாழக்கிழமையே வந்துவிட்டது. ஒரு நல்ல செய்தி.

இன்று அக்காவே செய்தார். என் பாத்திரம், என் கரித்தூள், அவர் கை. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு உட்கார்ந்தார். இருநூறு சுற்று ஓடும்போது கேட்டேன்.

"ஏன்க்கா இருநூறு?"

"அம்பதுல வரல. நூறுல லேசா தெரிஞ்சுது. இருநூறுல நல்லா வந்துச்சு. அதான் இருநூறு."

"முந்நூறு ஓட்டிப் பாத்தீங்களா?"

"இன்னும் பெருசாத்தான் வந்துச்சு. ஆனா எவ்வளவு நேரம்தான் உக்காந்திருக்கிறது?"

பெராக்சைடை விட்டார். கோடு படுத்துக் கிடந்தது. இன்னொரு துளி. படுத்துக் கிடந்தது.

அக்கா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். இணைப்புகளைக் கழற்றி மாட்டினார். வயரை முகர்ந்துகூடப் பார்த்தார். ஏழு மாதமாக நான் செய்கிற அதே காரியங்கள், அதே வரிசையில்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

"கிராஃபைட்லேர்ந்துதான் ஏதோ அழுக்கு வருது," என்றார் கடைசியில். "மேடம்கிட்ட நான் பேசுறேன். நீ பிளாட்டினத்தை வாங்கிக்கோ."

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். லேப் பூட்டியிருந்தது. தூங்கினேன்.

ஆகஸ்ட் 17

வந்துவிட்டது.

பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுக் கம்பியை வாங்கினேன். முடியைவிடக் கொஞ்சம் தடிமன். நுனியில் சுருள். மேடம் டப்பாவைத் திறந்து காட்டி, மூடி, மறுபடி திறந்து கொடுத்தார். இருநூறு சுற்று ஓட்டினேன். பெராக்சைடு ஐம்பது மைக்ரோலிட்டர். கோடு எழுந்தது. முதுகைத் தூக்கி, நின்று, இறங்கியது. இன்னும் ஐம்பது விட்டேன். இன்னும் உயரம்.

நான் கத்தவில்லை. மன்சூர்தான், "யோவ், எந்திரிச்சிருச்சுப்பா" என்று லேப் முழுக்கச் சொன்னான். முட்டை பப்ஸ் வாங்கி வந்தான். மேடம் வந்து பார்த்து, தோளில் கை வைத்தார். "இதைத்தான் சொன்னேன், கை வரணும்னு."

அம்மாவுக்குப் போன் செய்தேன். "வந்துருச்சும்மா." பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொல்வது கேட்டது. எது வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

அமிலத்தில் ஓடிய இருநூறு சுற்றையும் பிரின்ட் எடுத்து நோட்டில் ஒட்டினேன். இடது ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன், ஏதோ ஞாபகத்தில்.

ஆகஸ்ட் 18

மறுபடி செய்தேன். வந்தது. புதிதாகக் கரி பூசிய இன்னொரு மின்முனையிலும் வந்தது.

ஆகஸ்ட் 19

தலைக்குக் குளித்தேன். எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 20

அளவீடுகள் ஒழுங்காகப் போகின்றன. பெராக்சைடின் அளவுக்கு முகட்டின் உயரம் நேர்கோட்டில் விழுகிறது. கமிட்டிக்கு இது போதும். மேடமும் போதும் என்கிறார். போதும்தான்.

ஆகஸ்ட் 22

செருப்பு தைத்தேன். ஷாம்பு, நோட்டு, ஜெராக்ஸ். விடுதி அலுவலகத்தில் ஃபேனைப் பற்றி மூன்றாவது புகார் எழுதிக்கொடுத்தேன். லேபில் சனிக்கிழமை யாரும் இல்லை. கரி பூசாமல் வெறும் மின்முனையை வைத்து, பிளாட்டினத்தோடு இருநூறு சுற்று ஓட்டினேன். ஏன் ஓட்டினேன் என்று தெரியவில்லை. சும்மா. முகடு வந்தது. வரும் வழியில் கொய்யா வாங்கினேன்.

ஆகஸ்ட் 24

சரி. எழுதிவிடுகிறேன்.

அமிலத்தில் சுற்றுகள் ஓடும்போது கோட்டின் இடது ஓரத்தில் இரண்டு சின்னத் திமில்கள் முளைக்கின்றன. முப்பதாவது சுற்றில் இல்லை. எண்பதில் நிழல்போல. இருநூறில் தெளிவாக. மேலே இரண்டு, கீழே இரண்டு. ஏப்ரல் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி அது: அமிலத்தில் பிளாட்டினத்தின் வோல்ட்டமோகிராம் (மின்னழுத்த-மின்னோட்டக் கோடு) வரைந்து பாகம் குறி. வரைந்தேன். ஐந்துக்கு ஐந்து. ஹைட்ரஜன் பிளாட்டினத்தின் மேல் ஒட்டிப் பிரியும்போது வருகிற திமில்கள். கரிக்கு அவை கிடையாது.

பிளாட்டினம் அமிலத்தில் கரையாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கரையும். கண்ணுக்குத் தெரியாத அளவில் கரைந்து, நீரில் நகர்ந்து, எதிரே இருக்கும் மின்முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். பெராக்சைடைக் கண்டால் பிளாட்டினம் சும்மா இருக்காது. ஐம்பதில் வரவில்லை, நூறில் லேசாக வந்தது, முந்நூறில் இன்னும் பெரிதாக வந்தது.

கரி முழிக்கவில்லை. ஒரு மணி இருபது நிமிடம் உட்கார்ந்து அதன் மேல் பிளாட்டினம் பூசிக்கொண்டிருந்தோம்.

என் ஐம்பது தோல்விகளும் சரியானவை. கிராஃபைட்டில் எனக்கு வந்த கோடுதான் கருவேலங் கரியின் உண்மையான கோடு. அது ஒன்றையும் உணரவில்லை.

இது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 26

லேப் கணினியில் அக்காவின் பழைய கோப்புகள் அப்படியே இருக்கின்றன. பேப்பர், பேப்பர் புதியது, பேப்பர் கடைசி, பேப்பர் கடைசியோ கடைசி. அசல் அளவீடுகள் பதினொன்று. ஒவ்வொன்றையும் திறந்தேன்.

கட்டுரையில் நான்காவது படம் 0.10 வோல்ட்டில் தொடங்குகிறது. கோப்புகளில் கோடு மைனஸ் 0.20 வரை போகிறது. நடுவில் இருக்கும் 0.30 வோல்ட்டில்தான் திமில்கள். பதினொன்றிலும்.

பிறகு ஆய்வுக்கூடத்தைப் பெருக்கினேன். என் முறை இல்லை.

ஆகஸ்ட் 27

மன்சூர், "என்னம்மா, பீக் வந்ததும் எங்களை எல்லாம் மறந்துட்ட" என்றான். தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 30

ஞாயிறு. அக்காவை வரச் சொன்னேன். துறையின் வாசல் படியில் உட்கார்ந்தோம். கேட்டுக்கு எதிர்க் கடையில் பார்சல் டீ வாங்கி வந்திருந்தார். பிளாஸ்டிக் பையின் நூலைப் பல்லால் அவிழ்த்து, இரண்டு பேப்பர் கப்பில் ஊற்றினார்.

"அக்கா, நாலாவது படத்துல இடது பக்கத்தை ஏன் வெட்டுனீங்க?"

என் கப்பைத் தள்ளி வைத்தார்.

"அந்த இடத்துல ஹைட்ரஜன் வரும். கோடு அசிங்கமா தொங்கும். ரெவ்யூல கேப்பாங்கன்னு வெட்டுனேன்."

"தொங்கல. ரெண்டு திமில் இருக்கு."

டீ மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"கரியே பூசாம ஓட்டிப் பாத்தேன். வெறும் மின்முனை. அதுலயும் பீக் வந்துச்சு."

"எவ்வளவு?"

"உங்களோடதுல முக்காவாசி."

தலையை ஆட்டினார். ஒரு கணக்கு சரியாக வந்தால் ஆட்டுவதுபோல.

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல."

"மன்சூர்?"

"இல்லக்கா."

ஒரு நாய் வந்து படியின் கீழே படுத்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு வரைக்கும் பொறு, ரூபா. பத்தொம்பதாம் தேதி நானே மேடம்கிட்ட சொல்றேன். அவங்க பாத்து எப்படித் திருத்தணுமோ திருத்தட்டும். இப்ப சொன்னா வைவா நின்னுரும். அக்டோபர்ல சேரலைன்னா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிரும். ரெண்டு வருஷமா அலைஞ்சது."

"பத்தாம் தேதி எனக்குக் கமிட்டிக்கா."

"பிளாட்டினத்தோட எடுத்ததைக் காட்டு. அது பொய்யில்லையே. வந்த டேட்டாதான."

"உலோகம் இல்லாததுன்னு சொல்லணும்."

"நீ எங்க சொல்ற? நான் சொன்னதை நீ மேற்கோள் காட்டுற. அவ்வளவுதான்."

இவ்வளவு வேகமாக அவருக்குப் பதில் வருவது பிடிக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"எனக்கு அப்ப எட்டு மாசமா ஒண்ணும் வரல, ரூபா. தினம் மேடம் பின்னால வந்து நின்னு 'ம்'ம்பாங்க. ஒரு நாள் வந்துச்சு." கப்பைக் கசக்கினார். "பதினேழாம் தேதி உனக்கு எப்படி இருந்துச்சு?"

என் கேள்விக்கு அது பதில் இல்லை.

பொறுக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. பொறுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். ஆறியிருந்தது.

செப்டம்பர் 1

வெறும் மின்முனையில் மறுபடி. வந்தது.

செப்டம்பர் 2

கிராஃபைட்டோடு கரி. முந்நூறு சுற்று. ஒன்றுமில்லை. திமிலும் இல்லை, முகடும் இல்லை. இப்போது இந்தப் படுத்த கோட்டைப் பார்த்தால் கோபம் வரவில்லை. கோபம் வேறு எங்கோ போய்விட்டது. எங்கே என்று தெரியாததுதான் எரிச்சல்.

செப்டம்பர் 4

மேடத்திடம் சொன்னேன். அக்காவின் பெயரை எடுக்கவில்லை, கோப்புகளைப் பற்றியும் சொல்லவில்லை. வெறும் மின்முனையில் முகடு வருகிறது என்று மட்டும் சொல்லி, இரண்டு பிரின்டையும் மேசையில் வைத்தேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஏப்ரல் கேள்வித்தாளைத் தயாரித்தவரே அவர்தான்.

"கவுன்ட்டரைப் பொறுத்துக் கொஞ்சம் மாறுதுன்னு ஒரு வரி போடு. ஃப்யூச்சர் வொர்க்ல."

"வெறும் மின்முனை கிராஃப், மேடம்?"

"அது உன் தலைப்பு இல்லையேம்மா. உன் தலைப்பு கருவேலங் கரி. கரி இல்லாததை எதுக்குக் காட்டணும்?"

பிரின்டுகளை என் பக்கம் திருப்பி வைத்தார். நேராக, ஓரம் ஓரத்தோடு சேரும்படி.

"உன் ரிஜிஸ்ட்ரேஷன் முடியட்டும். கலையோட வைவா முடியட்டும். அதுக்கப்புறம் பொறுமையா உக்காந்து பாக்கலாம். அறிவியல் எங்கயும் ஓடிப் போயிராது."

வெளியே வரும்போது மணி பதினொன்று. கேன்டீனில் எலுமிச்சை சாதம்தான் இருந்தது.

கொடுமை என்னவென்றால், இருவருமே மோசமானவர்கள் இல்லை. மோசமானவர்களாக இருந்திருந்தால் நான் ஆகஸ்ட் 24-லேயே எழுந்து நின்றிருப்பேன். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 6

அம்மா: "வந்துருச்சுன்னு சொன்னியே. அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?"

"வந்துச்சும்மா. ஆனா அது அது இல்ல."

"சாப்டியா?" என்றாள்.

செப்டம்பர் 8

இரண்டு கோப்பு செய்து வைத்திருக்கிறேன். ஒன்றில் பதினாலு ஸ்லைடு. இன்னொன்றில் பதினாறு. மற்ற எல்லாம் ஒன்றுதான். முன்னுரை, செய்முறை, நன்றி. நன்றியில் இரண்டிலும் கலைமதி அக்கா பெயர் இருக்கிறது.

பதினாலைக் காட்டினால் பதிவு உறுதி. அடுத்த நான்கு வருடம் பிளாட்டினத்தைக் கரி என்று எழுதுவேன். எனக்குப் பின்னால் வருகிற ஜூனியருக்குக் கிராஃபைட் குச்சியைக் கொடுத்து, எட்டு சரியில்லை என்று சொல்வேன். பதினாறைக் காட்டினால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. அக்காவுக்கு என்ன ஆகும் என்று தெரியும்.

மன்சூரிடம் இரண்டையும் காட்டினேன். படித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மறுபடி பையில் வைத்தான்.

"எதைக் காட்டப் போற?"

"தெரியல."

"பதினாறுன்னா முன்னாடியே சொல்லிரு. நான் கதவுப் பக்கம் உக்காந்துக்கிறேன்."

போகும்போது திரும்பி, "பதினஞ்சாவது ஸ்லைடுல அச்சுக்கு அளவு போடல. போட்டுரு" என்றான்.

செப்டம்பர் 9

அளவு போட்டேன். புடவையை இஸ்திரி போட்டேன்.

செப்டம்பர் 10

கமிட்டி பதினொன்றரைக்கு. கருத்தரங்க அறையில் மேடம், துறைத்தலைவர், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து அரங்கநாதன் சார். பின்னால் ஆராய்ச்சி மாணவர்கள். மன்சூர் கதவுப் பக்கம் உட்காரவில்லை. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தான்.

ஜூனியர் பேசும்போது சீனியர் லேப்டாப்பில் உட்கார்ந்து ஸ்லைடைத் தள்ளுவது இங்கே வழக்கம். இன்று அது கலைமதி அக்கா. என் பென் டிரைவைச் செருகினார். திரையில் இரண்டு கோப்புகள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எது?" என்றார், தணிந்த குரலில்.

பெயர்களே போதும். ரூபவதி 14. ரூபவதி 16. அவருக்குப் புரிந்திருக்கும்.

"ரெண்டாவது" என்றேன்.

அம்புக்குறி அசையாமல் நின்றது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அக்கா அதைத் திறந்தார்.

பன்னிரண்டு ஸ்லைடு வரைக்கும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பதின்மூன்றில் கருவேலங் கரியின் முகடு. அரங்கநாதன் சார் தலையசைத்தார். பதினாலில் இருநூறு சுற்று, இடது ஓரத்தை வெட்டாமல். தலையசைப்பு நின்றது. பதினைந்தில் கரி பூசாத மின்முனை, அதே முகடு.

"இது பிளாட்டினமா?" என்றார் சார்.

"அப்படித்தான் நினைக்கிறேன் சார்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"நினைக்கிறேன் சார். நிரூபிக்கல."

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேரம் ஆயிருச்சு சார். இது கவுன்ட்டர் சம்பந்தமான சின்ன விஷயம், நாங்க உள்ளயே டிஸ்கஸ் பண்ணிட்டிருக்கோம்."

துறைத்தலைவர் கோப்பை மூடப் போனார். சார் பேனா மூடியைத் தேடினார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடிந்துவிடட்டும் என்றும் நினைத்தேன்.

"ஒரு கேள்வி."

லேப்டாப்பின் பின்னாலிருந்து கலைமதி அக்கா. அவர் என்னை 'நீங்க' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பிளாட்டினத்தைத் தனிக் குழாய்ல அடைச்சு வச்சு ஓட்டிப் பாத்தீங்களா? கரைஞ்சாலும் இந்தப் பக்கம் வராத மாதிரி. கரி, அமிலம், இருநூறு சுற்று, எல்லாம் அதே. அப்பவும் பீக் வந்தா அது கரியோடது. வரலைன்னா, அந்த பேப்பர் தப்பு."

சார் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரு?"

"கலைமதி. அந்த பேப்பர் என்னோடது."

மேடம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன். "அதை இன்னும் செய்யவில்லை."

என் பதிவு உறுதியாகவில்லை. அந்தச் சோதனையைச் செய்து முடித்து டிசம்பரில் மறுபடி வரச் சொன்னார்கள். அக்காவின் வைவா பற்றித் துறைத்தலைவர் மேடத்திடம் தனியாகப் பேசினார். கதவு சாத்தியிருந்தது. அக்கா பென் டிரைவைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? மன்சூர் டீக்கு அழைத்தான். வரவில்லை என்றேன்.

மூன்றேகாலுக்கு லேபைத் திறந்தேன். கண்ணாடிச் சாமான் அலமாரியின் அடித்தட்டில், அக்கா கேட்ட மாதிரி, முனையில் நுண்துளைக் கண்ணாடி வைத்த குழாய் ஒன்று கிடந்தது. தூசியைக் கழுவி, நைட்ரிக் அமிலத்தில் ஊறப் போட்டேன்.